ஒரே பட்டியலை நம்பலாமா?

(பி.எஸ்ஸி. கணிதம், இரண்டாமாண்டு)

படித்தவர்கள் பலர் இருக்கும் வீட்டில் ஓர் ஐயம் எழுந்தால் அதற்குப் பல பதில்கள் கிடைக்கும். ஆசிரியராக இருக்கும் பெரியப்பா ஒன்று சொல்வார். தாலுகா ஆபீசில் வேலை பார்க்கும் மாமா ‘அப்படி இல்லை’ என்பார். திருவனந்தபுரத்தில் படிக்கும் அண்ணன் மூன்றாவதாக ஒன்றைச் சொல்வான். மூன்றையும் கேட்டு, கூட்டிக் கழித்து, வீட்டார் ஒரு முடிவுக்கு வருவார்கள். விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகும் தகப்பனும், முந்திரி ஆலைக்குப் போகும் தாயும் உள்ள எங்களைப் போன்ற வீடுகளில் அந்த வசதி கிடையாது. எந்தப் பாடம் எடுத்துப் படிப்பது, உதவித்தொகைக்கு எங்கே விண்ணப்பிப்பது, அம்மாவின் மூட்டுவலிக்கு எந்த ஆஸ்பத்திரி என்று எல்லாவற்றையும் கேட்க எங்களுக்கு இருக்கும் ஒரே படித்த உறவினர் கைப்பேசிதான். கேள்வியைத் தட்டினால் ஒரு பட்டியல் வருகிறது. பட்டியலின் முதல் வரியைத் தொடுகிறோம். அதோடு ஆராய்ச்சி முடிந்தது.

இது போதாது என்பதே என் கருத்து. ஒரே தேடுபொறியின் பட்டியலை வேதவாக்காகக் கொள்ளாமல், பல பொறிகளின் பட்டியல்களை வாங்கி ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் நமக்கு வரவேண்டும். ‘சேர்ப்பது’ என்ற சொல் எளிதாக இருக்கிறது. செய்து பார்த்தால் அதற்குள் இருநூற்றைம்பது ஆண்டுச் சண்டை ஒன்று இருப்பது தெரியும். கணிதம் படிக்கும் மாணவன் என்ற முறையில் அந்தச் சண்டையைக் கொஞ்சம் விவரமாகவே சொல்ல விரும்புகிறேன். வாசக நண்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

முதலில் வரலாறு. இணையத்தின் தொடக்க நாட்களில் லைக்கோஸ், வெப்கிராலர், யாஹூ என்று பல தேடுபொறிகள் இருந்தன. ஒன்றில் கிடைத்தது மற்றொன்றில் கிடைக்காது. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த எரிக் செல்பெர்க் என்பவரும் அவருடைய பேராசிரியர் ஓரென் எட்சியோனியும் 1995-இல் ‘மெட்டாகிராலர்’ என்ற ஒன்றை வெளியிட்டார்கள். அது தானாக எதையும் தேடாது. நம் கேள்வியை எல்லாப் பொறிகளுக்கும் அனுப்பி, வரும் பட்டியல்களை ஒன்றாக்கித் தரும். 1998-இல் ‘சயன்ஸ்’ இதழில் லாரன்ஸ், கைல்ஸ் என்ற இருவர் அளந்து காட்டினார்கள்: எந்த ஒரு பொறியும் இணையத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தொடவில்லை. ஆகவே சேர்த்துப் பார்ப்பது அன்று ஒரு தேவையாகவே இருந்தது. பிறகு கூகுள் வந்தது. மற்றவை தேய்ந்தன. இன்று இந்தியாவில் நூறு தேடல்களில் தொண்ணூறுக்கு மேல் அந்த ஒரே வாசல் வழியாகத்தான் நடக்கின்றன. தேடல் துறையில் அந்த நிறுவனம் தன் ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காத்துவந்தது என்று அமெரிக்க நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. தீர்ப்பு எங்கோ வந்தது. நம் கைப்பேசியில் வாசல் மாறவில்லை.

ஒரே வாசல் என்றால் என்ன கெடுதல் என்று சிலர் கேட்கலாம். கடைக்காரரே கணக்கப்பிள்ளையாகவும் இருந்தால் வரும் கெடுதல்தான். பொருள் விலை ஒப்பிடும் தன் சொந்தச் சேவையைப் பட்டியலின் மேலே வைத்து, போட்டியாளர்களைக் கீழே தள்ளியது என்பதற்காக ஐரோப்பிய ஆணையம் 2017-இல் கூகுளுக்கு 242 கோடி யூரோ அபராதம் விதித்தது. ஐரோப்பிய நீதிமன்றம் 2024-இல் அதை உறுதி செய்தது. இது பெரிய இடத்துச் செய்தி. சிறிய இடத்துச் செய்தியும் உண்டு. எங்கள் பக்கத்து ஊர் அக்கா ஒருவர், தம் மகளுக்கு உதவித்தொகை விண்ணப்பம் தேடியபோது, பட்டியலின் தலையில் விளம்பரமாக நின்ற ஒரு பக்கத்தில் ‘பதிவுக் கட்டணம்’ கட்டிவிட்டார். அரசின் உண்மையான பக்கம் அதற்கு நான்கு வரி கீழே, கட்டணம் எதுவும் இல்லாமல் இருந்தது.

சரி, மூன்று பட்டியல்களை வாங்கிவிட்டோம். எப்படிச் சேர்ப்பது?

நம் கல்லூரிக் கலைவிழாவை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று நடுவர்கள், மூன்று பேச்சாளர்கள். முதல் நடுவர் கைச்சிக்கனம் உள்ளவர்: வள்ளிக்கு 46, செல்வனுக்கு 45, மேரிக்கு 44 போடுகிறார். இரண்டாமவரும் அப்படியே: 45, 44, 43. மூன்றாமவர் தாராளமானவர்: மேரிக்கு 95, செல்வனுக்கு 70, வள்ளிக்கு 60. கூட்டிப் பாருங்கள். வள்ளி 151, செல்வன் 159, மேரி 182. மேரிக்கே கோப்பை! மூன்றில் இரண்டு நடுவர்கள் கடைசி என்று சொன்ன பெண் முதல் ஆகிவிட்டாள். மதிப்பெண்களை விட்டுவிட்டு இடங்களை மட்டும் பார்த்து, முதலிடத்துக்கு 3, இரண்டாமிடத்துக்கு 2, மூன்றாமிடத்துக்கு 1 என்று போட்டால் வள்ளி 7, செல்வன் 6, மேரி 5. வரிசை தலைகீழாகப் புரண்டுவிட்டது. நடுவர்கள் அவர்களேதான், தாள்களும் அவையேதான். கூட்டும் முறை ஒன்றுதான் மாறியது.

இடத்துக்கு இத்தனை புள்ளி என்ற இந்த இரண்டாவது முறையை 1770-இல் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் முன் வைத்தவர் போர்டா என்ற கப்பற்படை அதிகாரி. எதிராளியை வேண்டுமென்றே கடைசியில் தள்ளி ஏமாற்ற முடியுமே என்று கேட்டவர்களுக்கு, தம் முறை நேர்மையானவர்களுக்கானது என்று அவர் பதில் சொன்னதாகக் கூறுவர். நேர்மையானவர்களுக்கு மட்டும் என்றால் உலகில் பாதிச் சட்டங்களே தேவையில்லை.

மதிப்பெண் வேறு, இடம் வேறு என்ற இந்தச் சிக்கலைப் பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பித்த நண்பர்கள் அனைவரும் அனுபவித்திருப்பார்கள். நுழைவுத்தேர்வை நீக்கிய 2006-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் 2007-இல் நடைமுறைக்கு வந்தபோது, மாநிலப் பாடத்திட்ட மாணவரையும் பிற வாரியங்களின் மாணவரையும் ஒரே வரிசையில் நிறுத்த வேண்டியிருந்தது. அதற்குச் சட்டமே ஒரு கணக்கைச் சொல்கிறது. இயற்பியலில் மாநில வாரியத்தின் உச்ச மதிப்பெண் 100, இன்னொரு வாரியத்தின் உச்சம் 90 என்றால், அந்த 90-ஐ 100 என்று கொள்ள வேண்டும். அதே வாரியத்தில் 60 எடுத்தவருக்கு 66.66 ஆகும். இரண்டு பட்டியல்களை ஒன்றாக்கும் முயற்சிதான் இது. ஆனால் இந்தக் கணக்கு ஒவ்வொரு பட்டியலிலும் தலையில் நிற்கும் ஒரே ஒரு மாணவரை மட்டுமே பார்க்கிறது. நடுவில் நிற்கும் ஆயிரக்கணக்கானோர் எப்படிப் பரவி நிற்கிறார்கள் என்பதைப் பார்ப்பதில்லை. ஒரு வாரியத்தில் ஒரே ஒரு மேதை 100 வாங்கிவிட்டால் அந்த வாரியத்தின் மற்ற மாணவர்களுக்கு இம்மியும் கிடைக்காது. இதைவிட நல்ல முறைகள் புள்ளியியலில் உண்டு என்பது என் எண்ணம். ஆயினும் சாதாரணப் பெற்றோர் காகிதமும் பென்சிலும் கொண்டு சரிபார்க்கக்கூடிய முறை இது என்பதையும் மறுக்க முடியாது. அந்தக் குணத்தை நான் குறைவாக எண்ணவில்லை.

தேடுபொறிகளோ தாங்கள் போடும் மதிப்பெண்ணை வெளியில் காட்டுவதே இல்லை. பத்து இடங்களை மட்டும் காட்டுகின்றன. ஆகவே இடங்களைக் கொண்டுதான் நாம் கணக்குப் போட்டாக வேண்டும்.

இடங்களைக் கொண்டு சேர்ப்பதற்கு நம் நாட்டிலேயே பெரிய எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது. குடியரசுத் தலைவர் தேர்தலில் ஒவ்வோர் உறுப்பினரும் ஒரு பெயருக்கு மட்டும் முத்திரை குத்துவதில்லை. 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுதுகிறார். பொதுவாக முதல் விருப்ப ஓட்டுகளிலேயே கதை முடிந்துவிடும். 1969-இல் முடியவில்லை. காங்கிரசின் அதிகாரபூர்வ வேட்பாளர் நீலம் சஞ்சீவ ரெட்டி. அப்போது நம் நாகர்கோவில் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த காமராசரும் அந்தப் பக்கம். எதிரே சுயேச்சையாக நின்ற வி.வி.கிரிக்கு இந்திரா காந்தியின் ஆதரவாளர்களும் தி.மு.க.வும் துணை. மூன்றாமவர் சி.டி.தேஷ்முக். முதல் விருப்பத்தில் கிரி 4,01,515, ரெட்டி 3,13,548, தேஷ்முக் 1,12,769 மதிப்பு பெற்றனர். யாருக்கும் பாதிக்கு மேல் இல்லை. கீழே இருந்தவர்களை ஒவ்வொருவராக நீக்கி, அவர்களுடைய சீட்டுகளில் அடுத்த விருப்பம் யார் என்று பார்த்துக்கொண்டே போனார்கள். முடிவில் கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. தேஷ்முக்கின் சீட்டுகளில் பெரும்பகுதி ரெட்டிக்கே போனது என்பதை எண்களே சொல்கின்றன. 88,000 இருந்த இடைவெளி 15,000-க்கும் கீழே சுருங்கிவிட்டது. சீட்டில் இரண்டாவதாக எழுதப்பட்ட பெயர் ஒரு நாட்டின் தலைவரைத் தீர்மானிக்கும் அளவுக்கு வந்தது என்றால், தேடல் பட்டியலில் இரண்டாவது, ஐந்தாவது, பத்தாவது வரிகளை நாம் கண்ணெடுத்தும் பாராமல் விடுவது என்ன நியாயம்?

இந்த முறையிலும் குற்றம் உண்டு. அனைவருக்கும் இரண்டாவதாகப் பிடித்த ஒருவர் முதல் சுற்றிலேயே வெளியேறிவிடுவார். இருவர் இருவராக மோதவிட்டுப் பார்ப்பதே நியாயம் என்று 1785-இல் எழுதியவர் கொந்தோர்சே. அவரே அதன் பள்ளத்தையும் கண்டார். ஒரு வீட்டில் முப்பது சென்ட் நிலத்தில் என்ன நடுவது என்று பேச்சு. அப்பாவுக்கு ரப்பர், அடுத்து தென்னை, அடுத்து மரச்சீனி. அம்மாவுக்குத் தென்னை, அடுத்து மரச்சீனி, அடுத்து ரப்பர். பாட்டிக்கு மரச்சீனி, அடுத்து ரப்பர், அடுத்து தென்னை. இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் ரப்பர் தென்னையை வெல்கிறது. தென்னை மரச்சீனியை வெல்கிறது. மரச்சீனி ரப்பரை வெல்கிறது. தலையும் இல்லை, வாலும் இல்லை. மூன்று பேரும் தனித்தனியே தெளிவாக இருக்கிறார்கள். குடும்பம்தான் குழம்பி நிற்கிறது. (கொந்தோர்சே பிரெஞ்சுப் புரட்சியின்போது 1794-இல் சிறையில் இறந்தார். பெரும்பான்மை பற்றி அவ்வளவு ஆழ்ந்து சிந்தித்தவருக்கு அந்த முடிவு.)

இந்தப் பழைய தேர்தல் கணக்கைத் தேடுபொறிகளுக்குக் கொண்டுவந்து பொருத்திய முக்கியமான கட்டுரை 2001-இல் ஹாங்காங்கில் நடந்த உலகளாவிய வலை மாநாட்டில் வாசிக்கப்பட்டது. எழுதியவர்கள் நால்வர்: சிந்தியா டுவொர்க், ரவி குமார், மோனி நாவோர், டி.சிவகுமார். எல்லாப் பட்டியல்களோடும் மிகக் குறைவாக முரண்படும் வரிசையே சிறந்த வரிசை என்பது, ஜான் கெமனி 1959-இல் சொன்ன இலக்கணம். (கணிப்பொறி படிக்கும் நண்பர்கள் அறிந்த ‘பேசிக்’ மொழியை 1964-இல் உருவாக்கிய இருவரில் ஒருவர் இதே கெமனிதான்.) பத்துப் பக்கங்களை வரிசைப்படுத்த 36,28,800 வழிகள் உண்டு. பக்கங்கள் கூடக் கூட இந்த எண் எங்கோ போய்விடும். நான்கே நான்கு பட்டியல்கள் இருந்தாலும்கூட, மிகச் சிறந்த வரிசையை விரைவாகக் கண்டுபிடிக்கும் வழி எதுவும் அறியப்படவில்லை, இருக்கவும் வாய்ப்பில்லை என்ற வகைச் சிக்கல் அது என்று அவர்கள் நிறுவினார்கள். ஆகவே ஏறக்குறைய நல்ல வரிசையோடு மனநிறைவு அடைய வேண்டும். அதற்கான எளிய வழிகளையும் சொன்னார்கள்.

அக்கட்டுரையில் என் மனத்தைக் கவர்ந்தது வேறொரு செய்தி. ஏமாற்றுப் பக்கங்களைக் கட்டுகிறவன் ஒரு பொறியின் பலவீனத்தை அறிந்து அதில் மேலே ஏறிவிடலாம். எல்லாப் பொறிகளிலும் ஏறுவது கடினம். எனவே பட்டியல்களைச் சேர்த்தாலே ஏமாற்றுகள் கீழே இறங்கிவிடும். இதற்கு ஒப்பானதை 1997-இல் ஜூன் ஹோ லீ என்ற ஆய்வாளரும் கண்டிருந்தார்: வெவ்வேறு தேடல் முறைகள் ஒரே நல்ல பக்கங்களைக் கண்டெடுக்கின்றன, ஆனால் வெவ்வேறு குப்பைகளைக் கண்டெடுக்கின்றன. மெய் சொல்லும் சாட்சிகள் ஒத்துப்போவதும், பொய்ச் சாட்சிகள் ஆளுக்கொரு கதை சொல்வதும் எந்தக் கோர்ட்டிலும் காணக்கூடியதுதானே.

ஆனால் சாட்சிகள் உண்மையில் வெவ்வேறு ஆட்களாக இருக்க வேண்டும். ஒரே வக்கீல் சொல்லிக் கொடுத்து அனுப்பிய மூவர் ஒத்துப்பேசினால் அது ஒரு சாட்சிக்கு மேல் ஆகாது. இதைப் பலரும் கவனிப்பதில்லை. நான் கூகுளை மட்டும் நம்புவதில்லை, யாஹூவும் பார்ப்பேன், டக்டக்கோவும் பார்ப்பேன், பிங்கும் பார்ப்பேன் என்று பெருமையாகச் சொல்லும் நண்பர்கள் உண்டு. யாஹூவும் டக்டக்கோவும் தம் பட்டியலின் பெரும்பகுதியை பிங்கிடமிருந்தே வாங்குகின்றன. 2024 மே 23 அன்று பிங் சில மணி நேரம் படுத்துவிட்டது. கூடவே டக்டக்கோவும் எக்கோசியாவும் படுத்துக்கொண்டன! மூன்று கடைப்பலகை, ஒரே கிடங்கு. அப்படிப்பட்ட மூன்றைச் சேர்த்துக் கூட்டினால், பிங்கின் ஓட்டை மூன்று முறை எண்ணி கூகுளின் ஓட்டை ஒரு முறை எண்ணியதாகவே முடியும். சொந்தமாக இணையத்தைத் துழாவிச் சேகரிக்கும் பொறிகள் உலகிலேயே சிலதான்: கூகுள், பிங், யாண்டெக்ஸ், பிரேவ், மோஜீக் போன்றவை. சேர்ப்பதென்றால் இவற்றைச் சேர்க்க வேண்டும். ‘சியர்எக்ஸ்என்ஜி’ என்ற, யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்து நிறுவிக்கொள்ளக்கூடிய மென்பொருள் இந்த வேலையைச் செய்கிறது. எந்தெந்தப் பொறியைச் சேர்க்கலாம் என்பதையும் நாமே அதில் தீர்மானிக்கலாம்.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான செய்திக்கு வருகிறேன். ஒத்துப்போவதற்குப் பரிசளிக்கும் இந்த முறைகளெல்லாம் தமிழுக்கு, அதிலும் நம் மாவட்டத்துத் தமிழுக்கு, அப்படியே பொருந்துமா?

நம் ஊரையே எடுத்துக்கொள்வோம். நகராட்சியின் பெயரை ஆங்கில எழுத்தில் ஒரு விதமாக எழுதுகிறார்கள். ரயில் நிலையப் பலகையில் ‘ழ’கரம் ‘ல’கரமாகி, ‘குலித்துறை’ என்று வாசிக்கும்படி எழுதியிருக்கிறார்கள். மலையாளத்தில் ‘குழித்துற’. 1956 நவம்பர் 1 வரை விளவங்கோடு தாலுகா திருவிதாங்கூர்–கொச்சி அரசைச் சேர்ந்திருந்ததால் பழைய செய்திகள் பலவும் மலையாளத்தில் கிடக்கின்றன. தமிழிலோ குழித்துறையில், குழித்துறைக்கு, குழித்துறைப் பாலம் என்று வேற்றுமையும் சந்தியும் சேர்ந்து சொல் உருமாறுகிறது. ஒரு பொறி இவற்றையெல்லாம் ஒன்று என்று அறியும், மற்றொன்று அறியாது. ஆகவே தமிழில் தேடும்போது பட்டியல்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவது குறைவு. நல்ல பக்கம் ஒரே ஒரு பொறியில் மட்டும் அகப்படுவது நிறைய.

வயலிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. நாம் மரச்சீனி என்பதைப் புத்தகத் தமிழ் மரவள்ளி என்கிறது. அதன் இலையில் மஞ்சள் திட்டு விழும் தேமல் நோய்க்குத் தாங்கும் ரகம் எது என்று தேடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ‘மரவள்ளி’ என்று தேடினால் சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கான சாகுபடிச் செய்திகள் முன்னால் நிற்பதே இயல்பு. சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் அதற்கென்று ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. அவை நல்ல செய்திகளே. ஆனால் நம் மண்ணுக்கும் மழைக்கும் நெருங்கியது, 1963-இல் திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் தொடங்கிய மத்திய கிழங்குப்பயிர் ஆராய்ச்சி நிலையம். இங்கிருந்து பஸ் ஏறினால் காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். மரச்சீனியைத் திருவிதாங்கூரில் பரப்ப முனைந்தவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா என்பதால் அந்தக் கிழங்கின் கதையே அந்தப் பக்கத்துக் கதைதான். நம் தமிழ்க் கேள்விக்கு மூன்று பொறிகளில் ஒன்று மட்டும் அந்நிலையத்தின் பக்கத்தை முதலிடத்தில் காட்டுகிறது, மற்ற இரண்டும் காட்டவே இல்லை என்று கொள்வோம்.

இப்போது கணக்கு. இன்று மிகப் பரவலாக வழங்கும் சேர்ப்பு முறையை 2009-இல் கோர்மாக், கிளார்க், பியூட்சர் என்ற மூவர் வெளியிட்டார்கள். ஒரு பக்கம் ஒரு பட்டியலில் எத்தனையாவது இடத்தில் இருக்கிறதோ அதோடு 60-ஐக் கூட்டி, ஒன்றை அதனால் வகுக்க வேண்டும். ஒவ்வொரு பட்டியலிலும் இப்படிக் கிடைப்பதைக் கூட்டிவிட வேண்டும். அவ்வளவுதான், எட்டாம் வகுப்புப் பின்னம். நம் கிழங்கு நிலையத்துக்கு ஒரே பட்டியலில் முதலிடம்: 61-இல் ஒரு பங்கு. வேறொரு பக்கம் மற்ற இரண்டு பட்டியல்களிலும் 62-ஆவது இடத்தில் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு 122-இல் இரண்டு பங்கு, அதாவது அதே 61-இல் ஒரு பங்கு! ஒருவர் முதலிடம் கொடுத்த பக்கமும், இருவர் ஆறு தாள்களைப் புரட்டிய பின் ஏழாம் தாளில் ஏனோதானோ என்று குறித்த பக்கமும் சமம். 61-ஆவது இடத்தில் இருந்தால் ஏனோதானோ பக்கமே முந்திவிடும்.

அந்த 60 என்ற எண்ணில்தான் சூட்சுமம் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு வெறும் இடத்தால் வகுத்தால், முதலிடத்துக்கு முழு ஒன்று. இரண்டு பட்டியல்களில் இரண்டாமிடம் பெற்ற பக்கம்தான் அதற்குச் சமமாக முடியும். எண் பெரிதானால் கூட்டத்தின் குரல் ஓங்கும். சிறிதானால் தனியாள் குரல் கேட்கும். அந்த மூவரும் தங்கள் சோதனைத் தொகுதிகளில் ஓட்டிப் பார்த்து 60 நன்றாக இருக்கிறது என்று கொண்டார்கள். அவை பெரும்பாலும் ஆங்கிலத் தொகுதிகள். ஒரே செய்தியை நூறு பக்கங்கள் சொல்லும் மொழிக்கு 60 பொருந்தலாம். ஒரு செய்தியைச் சொல்ல ஒரே ஒரு பக்கம் மட்டுமே இருக்கும் மொழிக்கு அது பொருந்தாது என்பது என் உறுதியான எண்ணம். தமிழுக்கு அந்த எண்ணைச் சிறிதாக்க வேண்டும். எவ்வளவு சிறிதாக என்பதை யாராவது உட்கார்ந்து, தமிழ்க் கேள்விகளைக் கொண்டு சோதித்துக் கண்டுபிடிக்க வேண்டும். இதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டாம். நூறு கேள்விகள், நான்கு பொறிகள், பொறுமையுள்ள பத்து மாணவர்கள் போதும். ஆங்கிலத்துக்குத் தைத்த சட்டையைத் தமிழுக்குப் போட்டுவிட்டு, கை நீளம் என்று தமிழைக் குறை சொல்கிற வழக்கம் நம்மவரிடம் நெடுநாளாக உண்டு.

இன்னொன்று. பட்டியல் என்ற ஒன்றே இப்போது கண்ணிலிருந்து மறைந்துகொண்டு வருகிறது. கூகுள் 2024 முதல் இந்தியாவில் பட்டியலுக்கு மேலே செயற்கை நுண்ணறிவு எழுதிய ஒரு பத்தியை வைக்கிறது. கேள்வி கேட்டால் நேரே விடை சொல்லும் பொறிகளும் பெருகிவிட்டன. இப்படிப்பட்டவற்றில் பலவற்றின் பின்கட்டில், சொல்லைக் கொண்டு தேடிய பட்டியலையும் பொருளைக் கொண்டு தேடிய பட்டியலையும் இணைக்க மேற்சொன்ன 60 கணக்கே ஓடுகிறது என்பதைப் பலர் அறியார். சேர்க்கிறார்கள்; ஆனால் எவற்றைச் சேர்த்தார்கள், யார் எந்த இடம் கொடுத்தார், எந்தப் பக்கம் கழிந்தது என்பது நமக்குக் காட்டப்படுவதில்லை. 1969-இல் ஒவ்வொரு சுற்றின் எண்ணிக்கையும் நாட்டுக்குத் தெரிந்தது. கலந்தாய்வில் நம் தரவரிசை எப்படி வந்தது என்பதை, சமமானவர்களுக்கிடையே பிறந்த தேதி பார்த்ததும் கடைசியாகக் கணினி கொடுத்த சமவாய்ப்பு எண் பார்த்ததும் உட்பட, நம்மால் கேட்டறிய முடிகிறது. மூட்டுவலிக்கும் உதவித்தொகைக்கும் விடை சொல்லும் பொறியிடம் மட்டும் அந்தக் கணக்கைக் கேட்க நமக்கு உரிமை இல்லையா? கேட்க அண்ணனோ மாமாவோ இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் இந்த உரிமை மிகவும் வேண்டும்.

கைக்கெட்டும் தூரத்தில் செய்யக்கூடிய ஒன்றைக் கூறுகிறேன். தமிழ் நூல்களுக்கு இணையத்தில் பல களஞ்சியங்கள் உள்ளன. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம், ஈழத்து நூல்களுக்காக 2005-இல் தோன்றிய நூலகம், 1994-இல் சென்னையில் அமைந்த ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். ஒவ்வொன்றுக்கும் தனி வாசல், தனித் தேடல் பெட்டி, தனி எழுத்துக்கூட்டல். நம் ஊர்ப் பக்கத்துப் பழைய நூல் ஒன்று வேண்டுமென்றால் நான்கு கதவுகளையும் தட்ட வேண்டும். இவற்றை ஒரே பெட்டியிலிருந்து தேடும் வழியை நம் கணிதத் துறையும் கணினித் துறையும் சேர்ந்து ஓர் ஆண்டுத் திட்டமாக எடுத்துச் செய்யலாம். இங்கே போர்டாவும் வேண்டாம், 60-ம் வேண்டாம். நான்கு களஞ்சியங்களிலும் பெரும்பாலும் வெவ்வேறு நூல்கள் இருப்பதால் ஒத்துப்போவதைத் தேடுவதில் பொருளில்லை. பந்தியில் பரிமாறுவது போல, ஒவ்வொரு களஞ்சியத்திலிருந்தும் முறைவைத்து ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கி, எது எங்கிருந்து வந்தது என்று பக்கத்தில் எழுதிவிட்டால் போதும். ஒரே நூல் இரண்டு இடத்தில் இருந்தால் மட்டும் ஒன்றாக்க வேண்டும். வேலை முழுவதும் அதில்தான்: நூற்பெயரைச் சேர்த்தும் பிரித்தும் எழுதியிருப்பார்கள், ஆசிரியரின் தலைப்பெழுத்து ஓரிடத்தில் தமிழிலும் மற்றோரிடத்தில் ஆங்கிலத்திலும் இருக்கும். அதைச் சரிபார்க்கத் தமிழ்த்துறை நண்பர்களையும் அழைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.